பழம் போடாத பழவாசம்

ரோஷ்ஃபோர் 10 என்ற பெல்ஜியத் துறவுமட பீரைக் கோப்பையில் ஊற்றி முகர்ந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். உலர்ந்த அத்தி, உலர் திராட்சை, காய்ந்த பிளம், கிராம்பு, லேசாக வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் அடியில் கருகுவதற்கு முன் இறக்கிய பாகின் மணம். இவற்றில் எந்தப் பழமும் கிராம்பும் பாட்டிலுக்குள் போகவில்லை. பார்லி மால்ட், கோதுமை மாவுச்சத்து, சர்க்கரை, ஹாப்ஸ், சிறிதளவு கொத்தமல்லி விதை, தண்ணீர், ஈஸ்ட். உள்ளே போனவை இவ்வளவுதான்.

அப்படியானால் அந்த அத்தி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் இந்த பீரைச் சுவைப்பதில் பொருள் இருக்கிறது. பழங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவதைச் சுவையறிதல் என்று நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு மணத்துக்குப் பின்னாலும் ஒரு வேதிவினை இருக்கிறது. அது எந்தக் கட்டத்தில் நடந்தது, எவ்வளவு சூட்டில் நடந்தது, அதைச் செய்தது அடுப்பா உயிரா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, ஒரு கோப்பை பீரே அது உருவான வரலாற்றைச் சொல்லிவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் தெற்கே, நமூர் மாகாணத்தில், ஆர்டென் காட்டுப் பகுதியை ஒட்டி ரோஷ்ஃபோர் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே உள்ள சான் ரெமி மடம் 1230இல் நிறுவப்பட்டது. 1595 வாக்கிலேயே அங்கே பீர் காய்ச்சியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் மூடப்பட்டது. 1887இல் ஆஹெல் மடத்துத் துறவிகள் வந்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 1899இல் காய்ச்சும் கூடம் மறுபடி எழுந்தது. இவர்கள் டிராப்பிஸ்ட் துறவிகள். பிரான்சின் நார்மண்டியில் லா டிராப் மடத்தில் 1664இல் தொடங்கிய கடும் ஒழுக்கச் சீர்திருத்தத்தின் வழிவந்தவர்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட் வகுத்த விதிகளில், துறவி தன் கை உழைப்பால் வாழவேண்டும் என்பது ஒன்று. பாலாடைக்கட்டி, ரொட்டி, பீர் ஆகியவை இந்த மடங்களில் உருவானதற்கு அந்த விதிதான் வேர்.

பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கம் 1997இல் அமைந்தது. அசல் டிராப்பிஸ்ட் பொருள் என்று காட்டும் அறுகோண முத்திரையைத் தருவதற்கு அது வைத்திருக்கும் நிபந்தனைகள் கண்டிப்பானவை. பொருள் மட வளாகத்திலேயே உருவாக வேண்டும். துறவிகள் செய்யவேண்டும், அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்கவேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போகவேண்டும். பெல்ஜியத்தின் இன்னொரு டிராப்பிஸ்ட் மடமான வெஸ்ட்ஃப்ளெட்டெரனில் எவ்வளவு வரிசை நின்றாலும் உற்பத்தியைக் கூட்ட மறுக்கிறார்கள். மடத்தை நடத்துவதற்குப் போதுமான அளவு காய்ச்சினால் போதும் என்பது அவர்கள் நிலை. சந்தை கேட்பதற்கெல்லாம் இணங்காத அந்த உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ரோஷ்ஃபோர் 10 போன்ற கனத்த கறுப்பு பீர் துறவிகளின் அன்றாடப் பானம் அல்ல. அவர்கள் மேசைக்கென்று லேசான, வலுக்குறைந்த பீரை இந்த மடங்கள் தனியாகவே காய்ச்சுகின்றன.

பிறகு ஏன் இவ்வளவு வலுவான பீர் பிறந்தது? ஒரு சட்டத்துக்கும் அதில் பங்குண்டு. 1919இல் பெல்ஜியம் கொண்டுவந்த வாண்டர்வெல்டே சட்டம், மதுக்கூடங்களில் சாராய வகைகளை விற்பதைத் தடை செய்தது. கடையில் வாங்கினாலும் குறைந்தது 2 லிட்டர் வாங்கவேண்டும் என்றது. ஏழைத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை. வலுவான பானம் வேண்டியவர்களுக்கு எஞ்சியது பீர்தான். அந்தச் சட்டம் 1983 வரை நீடித்தது. அதற்குள் வலுவான பீர் பெல்ஜியத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பாட்டிலில் உள்ள 10 என்ற எண்ணைப் பலர் சாராய அளவு என்று நினைக்கிறார்கள். அது பழைய பெல்ஜிய அடர்த்திக் கணக்கு. நொதிக்கும் முன் இருக்கும் இனிப்புச் சாற்றின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.1 மடங்கு என்றால் அது 10. 1.08 என்றால் 8. ரோஷ்ஃபோரில் 6, 8, 10 என்று எண்ணிட்ட மூன்று வகை உண்டு. அவற்றின் சாராய அளவு முறையே 7.5, 9.2, 11.3 சதவீதம். சாதாரண லாகர் பீரின் சாற்றில் நூறு கிராமுக்கு 11 அல்லது 12 கிராம் கரைபொருள் இருக்கும், பெரும்பகுதி சர்க்கரைதான். ரோஷ்ஃபோர் 10இன் சாற்றில் அது ஏறத்தாழ இரட்டிப்பு. ஈஸ்டுக்கு இது விருந்து மட்டுமல்ல, சோதனையும்கூட. சர்க்கரை அடர்ந்த நீர் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அதைச் சமாளிக்க ஈஸ்ட் தன்னுள்ளே கிளிசராலை உருவாக்கிச் சேர்த்துக்கொள்கிறது. போகப்போக சாராயம் கூடிக்கூடி அதன் செல்சவ்வையே தாக்குகிறது. இப்படி நெருக்கடியில் வேலை செய்யும் ஈஸ்ட் விட்டுச்செல்லும் துணைப்பொருட்களில்தான் நாம் பழம் என்று சொல்லும் மணத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

எஸ்டர்களில் தொடங்குவோம். சாராய மூலக்கூறு ஒன்றும் அமிலத் துண்டு ஒன்றும் இணைந்தால் எஸ்டர். வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் ஒரு எஸ்டர். பீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருந்தாலே மூக்கு அறிந்துவிடும். (தேனீ கொட்டும்போது கூட்டத்தை உசுப்பிவிட வெளியிடும் அபாய மணத்திலும் இதே பொருள்தான் முதன்மை. அதனால் தேனீ வளர்ப்பவர்கள் சிலர் கூட்டருகே வாழைப்பழம் தின்னமாட்டார்கள்.) எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளையும் சோம்பையும் நினைவூட்டும். எத்தில் அசிட்டேட் குறைந்த அளவில் பேரிக்காய் போலிருக்கும். எல்லை தாண்டினால் நகப்பூச்சு நீக்கி. இவற்றையெல்லாம் ஈஸ்ட் செல்லுக்குள் சில நொதிகள் ஒட்டவைத்து உருவாக்குகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை உண்டாக்கும் மரபணுவின் பெயர் ஏடிஎஃப்1.

ஈஸ்டுக்கு இந்த மணம் எதற்கு? மனிதர்களை மகிழ்விக்க அல்ல. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஃபெர்ஸ்ட்ரேப்பனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அழகான விடை ஒன்றைத் தந்தது. ஏடிஎஃப்1 மரபணுவை நீக்கிய ஈஸ்டையும் நீக்காத ஈஸ்டையும் பழ ஈக்களுக்கு முன்னால் வைத்தார்கள். மணம் உள்ள ஈஸ்டை நோக்கித்தான் ஈக்கள் போயின. ஈஸ்டுக்குக் கால் இல்லை, சிறகும் இல்லை. ஒரு பழத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்கு வாகனம் வேண்டும். பழுத்த கனியின் மணத்தைத் தானே உண்டாக்கி ஈயை வரவழைத்து அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது. ஆக, மடத்து பீரில் பழவாசம் வீசுவது தற்செயல் அல்ல. பழத்தைச் சுற்றி வாழ்ந்த ஓர் உயிர், பழத்தின் மொழியைத் தன்னுடையதாக்கிக் கொண்டதன் விளைவு அது.

கிராம்பின் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். பார்லி உமியிலும் செல்சுவரிலும் ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் கட்டுண்டு கிடக்கிறது. மால்ட் மாவை வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதிலும் 45 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், அது கட்டவிழ்ந்து சாற்றில் கலக்கிறது. இத்தகைய அமிலங்கள் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. ஈஸ்ட் அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு துண்டைக் கழற்றி எறிந்து, நஞ்சின் வேகத்தைத் தணிக்கிறது. மிஞ்சுவது 4-வினைல் குவாயகால். கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினாலுக்கு இது நெருங்கிய உறவு. இரண்டுக்கும் ஒரே ஒரு கார்பன் அணுதான் வித்தியாசம். நம் மூக்கு அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை, கிராம்பு என்று சொல்லிவிடுகிறது. ஒரு தற்காப்புச் செயலின் கழிவு நமக்கு நறுமணப் பொருளாக வந்து சேர்கிறது.

எல்லா பீர் ஈஸ்டும் இதைச் செய்வதில்லை. லூவன் குழுவினர் 2016இல் 157 ஈஸ்ட் வகைகளின் முழு மரபணு வரிசையைப் படித்தார்கள். காய்ச்சுவோர் கையில் நூற்றாண்டுகளாக வளர்ந்த பெரும்பாலான ஏல் ஈஸ்டுகளில், இந்தக் கிராம்பு மணத்துக்கான மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. அந்த மணத்தைக் குறையென்று கருதியவர்கள், அது இல்லாத தொட்டியின் ஈஸ்டையே அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். நுண்ணுயிர் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத காலத்தில் நடந்த தேர்வு இது. ஜெர்மன் கோதுமை பீர்களிலும் பெல்ஜிய ஏல்கள் பலவற்றிலும் மட்டும் அந்த மணத்தை விரும்பி வைத்துக்கொண்டார்கள். எனவே கோப்பையில் கிராம்பு எழுந்தால், எத்தனையோ தலைமுறைக் காய்ச்சுவோரின் விருப்பமும் அதோடு சேர்ந்து எழுகிறது என்று கொள்ளலாம்.

ஈஸ்டின் கையில் எவ்வளவு இருக்கிறது, அதை நடத்தும் மனிதர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய இயற்கையாகவே அமைந்த சோதனை ஒன்று உண்டு. வெஸ்ட்ஃப்ளெட்டெரன் மடம் தன் ஈஸ்டை வெஸ்ட்மால் மடத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஒரே ஈஸ்ட்தான். வெஸ்ட்மால் காய்ச்சுவோர் நொதிக்கும் சாற்றை 20 டிகிரிக்கு மேல் போகாமல் அடக்கி வைப்பார்கள். வெஸ்ட்ஃப்ளெட்டெரனில் திறந்த தொட்டியில் அது தன் போக்கில் 28 டிகிரி வரை சூடேற விட்டுவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தவர்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். சூடு கூடினால் ஈஸ்ட் வேகமாக உண்ணும்; கனமான சாராயங்களும் எஸ்டர்களும் கூடும். தொட்டியின் உயரமும் கணக்கில் சேரும். உயரமான தொட்டியில் நீரழுத்தத்தால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்து நின்று எஸ்டர் உருவாவதைக் குறைக்கும். ஆழம் குறைந்த திறந்த தொட்டியில் அந்தத் தடை இல்லை. பாத்திரத்தின் வடிவம்கூட பழவாசத்தில் கைவைக்கிறது என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

பழத்தை ஈஸ்டுக்குக் கொடுத்தாயிற்று. கறுப்பு நிறம்? அது ஈஸ்ட் தொட்டதல்ல, நெருப்பு தந்தது. இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். அயர்லாந்தின் கறுப்பு பீர் கருக வறுத்த பார்லியால் கறுக்கிறது. அதில் காப்பிக்கொட்டை மணம் வரும். பெல்ஜிய மடத்து பீர்களின் கருமையில் பெரும்பகுதி காய்ச்சிக் கறுத்த சர்க்கரையிலிருந்து வருகிறது. அதனால்தான் கறுப்பாக இருந்தும் கருகல் கசப்பு இல்லை. உடன்குடிப் பக்கம் பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்சும் கொட்டகையில் நின்றவர்களுக்கு இந்த மணத்தை விளக்கவே வேண்டாம். இரண்டிலும் நடப்பது ஒரே குடும்பத்து வினைகள். சர்க்கரை தனியே சூட்டில் உடைவது ஒன்று. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பது இன்னொன்று. பின்னதை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி-கமீய் மையார் பெயரால் அதை மையார் வினை என்கிறோம். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு அதைக் காரத்தன்மை ஆக்குகிறது. மையார் வினைக்குக் காரச்சூழல் உகந்தது. கருப்பட்டி அவ்வளவு கறுப்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சர்க்கரை சேர்ப்பதை மட்டமான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறாக, இந்த பீரின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. முழுக்க மால்டிலிருந்தே இவ்வளவு சாராயத்தை எடுத்தால், ஈஸ்டால் உண்ணமுடியாத டெக்ஸ்ட்ரின்கள் ஏராளமாக மிஞ்சிக் குடிப்பதே கஞ்சி போலாகிவிடும். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்றுவிடும். மணமும் நிறமும் தங்கும், வலுவும் கூடும், கனம் மட்டும் ஏறாது. முதல் மிடறில் இனிப்பாகத் தோன்றுவது விழுங்கியதும் உலர்ந்து போவதைக் கவனியுங்கள். அங்கே பேசுவது சர்க்கரை.

தண்ணீரையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். ரோஷ்ஃபோர் மடத்துக்கு வருவது ட்ரிடேன் ஊற்றின் சுண்ணச்சத்து மிகுந்த நீர். அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் குவாரியை ஆழப்படுத்தும் திட்டம் வந்தபோது, ஊற்று கெட்டுவிடும் என்று மடத்தினர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். மௌனத்தைப் பேணும் துறவிகள் நீதிமன்றம் வரை போனது அந்த நீருக்காக.

இனி கோப்பைக்கு வருவோம். பாட்டிலுக்குள் கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரையும் புது ஈஸ்டும் சேர்த்து மூடி, வெதுவெதுப்பான அறையில் வைத்துவிடுவார்கள். அடைபட்ட பாட்டிலுக்குள் இன்னொரு சிறு நொதித்தல் நடக்கும். அந்த வாயு போக இடமின்றிக் கரைந்து நிற்கும். ஊற்றியதும் அடர்ந்த நுரை எழுந்து நெடுநேரம் நிற்பது இதனால் மட்டுமல்ல. 2025இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யான் வெர்மான்ட் குழுவினர் பெல்ஜிய பீர்களின் நுரையை ஆராய்ந்தார்கள். எல்டிபி1 என்ற பார்லிப் புரதம் ஒவ்வொரு நொதித்தலிலும் சற்றுச் சற்று உருமாறி, குமிழிகள் நிலைக்க உதவுகிறது என்று கண்டார்கள். பலமுறை நொதித்த பீரின் நுரை, ஒருமுறை நொதித்த லாகரின் நுரையைவிட நீடிப்பதற்கு அது விளக்கம்.

வாய் அகன்ற கிண்ணக் கோப்பையில், 12 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் குடிப்பது அங்கே வழக்கம். நம் ஊர்களில் எந்த பீரையும் உறையும் அளவுக்குக் குளிர்விக்கும் பழக்கம் இருக்கிறது. இந்த பீருக்கு அது அநியாயம். குளிரில் எஸ்டர்கள் ஆவியாகி மேலெழாது, மூக்குக்கு ஒன்றும் வராது. நாக்கும் மரத்துப்போகும். இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற ஒரு வாயில் உண்டு. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடு ஏற ஏற அது அகலத் திறக்கும் என்று 2005இல் காட்டியதும் லூவன் ஆய்வாளர்களே. ஐஸ்கிரீம் உருகிய பின் தாங்கமுடியாத அளவு தித்திப்பதும் அதே காரணத்தால்தான். கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு அரைமணி நேரம் எடுத்துக் குடித்தால், தொடக்கத்தில் கிராம்பும் வாழையும் முன்னிற்கும், சூடேற ஏறப் பாகும் உலர்பழமும் மேலேறி வரும்.

வாய்க்குள் போனதும் முதலில் தெரியும் குறுகுறுப்பைக் குமிழிகள் வெடிப்பது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அது உண்மையில் ஒரு புளிப்பு. நாக்கில் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் வகை நொதிகள் கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பை அறியும் செல்களும் வலி நரம்புகளும் அதை உணர்கின்றன. மலையேறுவோர் உயர நோய்க்காக உட்கொள்ளும் அசிட்டசோலமைடு அந்த நொதியை முடக்கும். அந்த மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு பீர் சப்பென்று இருக்கும். குமிழிகள் கண்ணெதிரே எழுந்துகொண்டே இருந்தாலும்கூட.

அடுத்தது சூடு. 11.3 சதவீதச் சாராயம் தொண்டையில் இறங்கும்போது ஏற்படும் கதகதப்பு கற்பனை அல்ல. மிளகாயின் காரத்தை உணரும் அதே டிஆர்பிவி1 உணர்வி, சாதாரணமாக 42 டிகிரிச் சூட்டில்தான் விழித்தெழும். சாராயம் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடுகிறது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். வாயின் சூடே அதற்குப் போதும். எனவே நம் உடம்பின் சொந்த வெப்பத்தையே நாம் எரிச்சலாக உணர்கிறோம். நல்ல காய்ச்சுவோரின் திறமை இந்தச் சூட்டைப் பழத்துக்குள் மறைத்துவைப்பதில் இருக்கிறது. அந்தத் திறமையே ஆபத்தும் கூட. 330 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் 29 கிராம் சாராயம். அதே அளவு சாதாரண லாகரில் 13. சாராயம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை, பாதுகாப்பான அளவென்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொன்னது. சுவையறிய இரண்டு மூன்று மிடறு போதும். ஒரு பாட்டிலை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதே இந்த பீருக்குரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

மூக்கால் முகர்ந்தபோது தெரியாத ஒன்று விழுங்கிய பிறகு தெரியும். மிடறு இறங்கியதும் வெளிவிடும் மூச்சு, தொண்டையின் பின்வழியாக மணத்தை மூக்குக்குக் கொண்டுபோகிறது. வாயில் வெப்பமடைந்து எச்சிலோடு கலந்து வரும் இந்த இரண்டாம் மணம் முதல் மணத்திலிருந்து வேறானது. அந்த மூச்சு சரியாக எழுவது விழுங்கிய பிறகுதான். அதனால்தான் பீரைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் ஒயின்காரர்களைப்போல் துப்பிவிடுவதில்லை. ஹாப்ஸின் கசப்பும் தாமதமாகவே வந்து நிற்கும். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் இந்த பீர் வெறும் பாகுதான்.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. 2001இல் பிரான்சின் பொர்தோ நகரில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். கறுப்பு நிறத்தைக் கண்டதும் பிளம், அத்தி என்று நமக்குத் தோன்றுவதிலும் கண்ணின் பங்கு கட்டாயம் இருக்கும். அத்தி மணத்துக்கென்று தனி மூலக்கூறு எதுவும் இந்த பீரில் இல்லை. எஸ்டர்கள், பாகின் பொருட்கள், பீட்டா டமாசினோன் எனும் மிக நுண்ணிய மணப்பொருள் எல்லாம் ஒரே நேரத்தில் மூளையை அடையும்போது, தான் முன்பு அறிந்த ஒன்றின் பெயரை அது எடுத்துக் கொடுக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டோ கறுப்புக் கோப்பையிலோ ஒருமுறை குடித்துப் பார்த்தால், சொற்களில் எத்தனை மிஞ்சுகின்றன என்று தெரியும்.

லூவன் குழு 2024இல் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. 250 பெல்ஜிய பீர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பண்புகளை அளந்தார்கள். பயிற்சி பெற்ற 16 பேர் அவற்றைச் சுவைத்தார்கள். குடித்தவர்கள் எழுதிவைத்த 1,80,000 மதிப்புரைகளையும் சேர்த்துக் கணினிக்குக் கற்பித்தார்கள். வேதியியல் அளவுகளைக் கொண்டே மக்கள் எதை விரும்புவார்கள் என்று அது கணிக்கத் தொடங்கியது. கணினி சுட்டிய பொருட்களைச் சிறிதளவு ஒரு பீரில் சேர்த்தபோது அதன் மதிப்பெண் கூடவும் செய்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தனியொரு பொருளுக்கும் விருப்பத்துக்கும் எளிய நேர்க்கோட்டுத் தொடர்பு பெரும்பாலும் கிடையாது. ஒன்றின் அளவு இன்னொன்றின் முகத்தை மாற்றுகிறது. சமையல் தெரிந்தவர்கள் இதை எப்போதோ அறிவார்கள், ஆனால் அளந்து காட்டுவது வேறு.

எல்லாவற்றுக்கும் மேல் காலம் இருக்கிறது. சாதாரண லாகர் சில மாதங்களில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றத்தை அடையும். ரோஷ்ஃபோர் 10 பல ஆண்டு தாங்குகிறது. பாட்டிலின் அடியில் உள்ள ஈஸ்ட் உள்ளே சிக்கிய ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பாகின் கறுப்புப் பொருட்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. ஆனால் தாங்குவது என்றால் மாறாதிருப்பது அல்ல. எஸ்டர் உருவாவது எப்படி ஒரு வினையோ, அது நீரோடு சேர்ந்து பிரிவதும் ஒரு வினை. ஈஸ்ட் வலுக்கட்டாயமாகக் குவித்துவைத்த ஐசோஅமைல் அசிட்டேட் மெல்லமெல்ல உடைந்து குறைகிறது. முதலில் மறைவது வாழைப்பழம். கிராம்பும் பின்தொடர்ந்து மங்கும். அதே ஆண்டுகளில் பீட்டா டமாசினோன் கூடும். வேகவைத்த ஆப்பிளும் காய்ந்த பிளமும் தடிக்கும். இன்னும் முதிர்ந்தால் சோட்டோலோன் தலைகாட்டும். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவது இந்தப் பொருள்தான். பழைய மதேரா ஒயினிலும் இது உண்டு.

ஆகவே வாய்ப்புள்ளவர்கள் இந்த ஆண்டு பாட்டில் ஒன்றும் ஐந்தாறு ஆண்டு இருட்டில் நிறுத்திவைத்த பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொண்டு, ஒரே வடிவக் கோப்பை இரண்டில், ஒரே குளிர்ச்சியில், அடிமண்டி கலங்காமல் ஊற்றிப் பாருங்கள். புதியதில் முதலில் வாழையையும் கிராம்பையும் தேடுங்கள். பழையதில் அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். பிறகு பழையதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, வெந்தயம் தட்டுகிறதா என்று முகருங்கள். தட்டினால், அந்த பாட்டிலை இன்னும் எடுத்துவைப்பதில் பயனில்லை. கூட இருந்த மற்ற பாட்டில்களையும் திறக்கும் காலம் வந்துவிட்டது.